ஃபெட் ‘பில்ட் எ மாலிக்யூல்’: அணு எண்ணப் பழக எவ்வளவு தூரம் உதவும்?

திரையில் அணு உருண்டைகளை ஒட்டி மூலக்கூறு கட்டிப் பார்க்கும் இணையக் கருவி இது. விலை: இலவசம். பெயர் பதிய வேண்டாம், விளம்பரம் கிடையாது, பிரவுசர் இருந்தால் போதும். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, மூலக்கூறு வாய்பாட்டைப் பார்த்து ‘இதில் மொத்தம் எத்தனை அணு?’ என்ற கேள்வியில் தடுமாறும் பிள்ளைகளுக்கானது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன்னால் நிற்கும் எண்ணுக்கும் கீழே நிற்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்டையில் ஏற்ற இதைவிட நல்ல இலவசக் கருவி எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் அடைப்புக்குறி போட்ட வாய்பாடு இதில் ஒன்றுகூடக் கிடையாது. பரீட்சையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆகவே பாதிப் பாடத்துக்கு இது, மீதிக்குக் காகிதமும் பருப்பும். பருப்பு எதற்கு என்பது பின்னால் வரும்.

ஃபெட் என்பது அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் திட்டம். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. முதலில் இயற்பியலுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, வேதியியல், கணிதம் என்று விரிந்தது. ‘பில்ட் எ மாலிக்யூல்’ அதில் ஒரு சின்ன உருப்படி.

இந்தக் கட்டுரையில் தனிமக் குறியீடுகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறோம். ஹெச்₂ஓ என்றால் தண்ணீர், சிஏ என்றால் கால்சியம், ஏஎல் என்றால் அலுமினியம்.

திறந்தால் மூன்று திரைகள்: சிங்கிள், மல்டிபிள், பிளேகிரவுண்டு. கீழே ஒரு தட்டு, அதில் தனிமம் வாரியாக வாளிகள், வாளிக்குள் உருண்டைகள். ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம். பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளில் வரும் அதே வழக்கமான நிறங்கள். உருண்டையை இழுத்து இன்னொன்றின் பக்கத்தில் விட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது நிஜமான மூலக்கூறாக இருந்தால் பெயர் மேலே தோன்றும், முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்க ஒரு பொத்தானும் வரும். வலப்பக்கம் கறுப்புப் பெட்டிகள். பெட்டி கேட்கும் மூலக்கூறை அதற்குள் இழுத்துப் போட வேண்டும். தப்பாக ஒட்டிவிட்டால், மவுஸைப் பிணைப்பின் மேல் கொண்டுபோனால் கத்தரிக்கோல் வரும், வெட்டிவிடலாம்.

சிங்கிள் திரையை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். தண்ணீர், ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று ஒவ்வொன்றிலும் ஒன்று செய்தால் முடிந்தது. இழுப்பது எப்படி, வெட்டுவது எப்படி என்று கை பழகத்தான் அது.

சரக்கு இருப்பது மல்டிபிளில். அங்கே பெட்டி ஒன்றோடு திருப்திப்படாது. ஹைட்ரஜன் மூலக்கூறு நான்கு கேட்கும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். இலக்கு 4ஹெச்₂. பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். முதலில் நாலு வெள்ளை உருண்டையைத் தேடும். இரண்டை ஒட்டும், மூன்றாவதை அதன்மேல் ஒட்டப் பார்க்கும், ஒட்டாது. நிஜத்தில் இல்லாத அமைப்பை இந்தக் கருவி ஒட்டவிடாது. சரி என்று இரண்டை மட்டும் பெட்டியில் போடும். எண்ணிக்கை ஒன்று ஏறும். இன்னொரு ஜோடி, இன்னொன்று, இன்னொன்று. பெட்டி நிறையும்போது கையில் பிடித்து இழுத்த உருண்டை எட்டு. ‘கீழே இருக்கும் 2 ஒரு மூலக்கூறுக்குள் இருப்பது, முன்னால் இருக்கும் 4 அப்படி எத்தனை மூலக்கூறு என்பது’ என்று கரும்பலகையில் பத்துத் தடவை எழுதியும் ஏறாத விஷயம், எட்டுத் தடவை இழுத்த கைக்குத் தானே விளங்கிவிடுகிறது.

இதை அப்படியே விட்டுவிடாமல் உடனே காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 3ஹெச்₂ஓ-வில் எத்தனை ஆக்சிஜன்? இந்தக் கேள்விக்கு ‘ஒன்று’ என்று பதில் வந்தால், முன்னாலுள்ள 3-ஐப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் ஹைட்ரஜனுக்கு மட்டும் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். சரியான கணக்கு ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 3, மொத்தம் 9. தனிமம் எத்தனை என்று கேட்டால் 2 தான். ‘தனிமம் எத்தனை, அணு எத்தனை’ என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்; தனித்தனியாகக் கேட்டால் ஒன்றுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னொன்றுக்குச் சொல்வார்கள்.

பிளேகிரவுண்டில் இலக்கு எதுவும் இல்லை, இஷ்டப்படி கட்டலாம். விளையாட்டுத்திடல் என்றுதான் பெயர், ஆனால் ஒரு நல்ல பாடம் உள்ளே ஒளிந்திருக்கிறது. கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1 எடுத்துக்கொண்டு, ஆக்சிஜனை ஓரத்தில் வைத்து அதன் மறுபக்கம் ஒரு ஹைட்ரஜனை ஒட்டினால் எத்தனால். அதே ஆக்சிஜனை இரண்டு கார்பனுக்கும் நடுவில் செருகினால் டைமெத்தில் ஈதர். இரண்டிலும் அணு 9 தான். எண்ணிக்கை மட்டும் ஒரு பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பதை இத்தனை மலிவாக வேறெங்கும் காட்ட முடியாது. ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 எடுத்து வரிசையாக ஹைட்ரஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று கோத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாமல் ஹெச்₂ஓ-வின் வாலில் ஒரு 2-ஐச் சேர்த்துவிடும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்: தண்ணீரை இரண்டாக்கவில்லை தம்பி, புண் கழுவும் மருந்தாக்கிவிட்டாய்.

குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை, யோசிக்காமலே ஜெயிக்கலாம். நிஜமல்லாதது ஒட்டாது என்பது பலம்தான், ஆனால் குருட்டாம்போக்கில் ஒட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அதுவே ஊன்றுகோல். சிங்கிள் திரையின் ஆரம்பத் தட்டுகளில் உருண்டைகளும் அளந்து வைத்தாற்போல் கொஞ்சமாகவே இருக்கும். இருப்பதையெல்லாம் ஒட்டினால் விடை வந்துவிடும். இதற்கு மருந்து சுலபம்: மவுஸைத் தொடுவதற்கு முன் நோட்டில் எழுத வேண்டும். வாய்பாடு, ஒவ்வொரு தனிமத்திலும் எத்தனை உருண்டை, மொத்தம் எத்தனை. எழுதியபின்தான் இழுக்கலாம். எழுதியதும் இழுத்ததும் ஒத்துப்போகாத வரியைச் சுற்றி வட்டம். ஒரு வகுப்பு நேரத்தில் பத்து வாய்பாடு தாராளமாக முடியும்.

இரண்டாவது, போனில் சரிப்படாது. திறக்கும், ஓடும். ஆனால் சின்னத் திரையில் விரலே உருண்டையை மறைத்துக்கொள்ளும். எங்கே ஒட்டியது என்று விரலை எடுத்த பிறகுதான் தெரியும். டேப்லெட் பரவாயில்லை. மவுஸ் உள்ள கணினியும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் ஒரே ஆள் இழுக்க, வகுப்பே ‘இன்னும் ரெண்டு ஹைட்ரஜன்’ என்று கத்தலாம். அதுதான் இதற்கு ஏற்ற முறை. பள்ளியில் நெட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், முதல் நாளே பக்கத்திலுள்ள பதிவிறக்கப் பொத்தானை அழுத்தி ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாகப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும்.

மூன்றாவதுதான் பெரிய குறை. இதில் உலோகம் கிடையாது. சோடியம் இல்லை, கால்சியம் இல்லை, அலுமினியம் இல்லை. வேதியியல்படி நியாயம்தான்: சாப்பாட்டு உப்பில் தனித்தனி மூலக்கூறு என்று ஒன்று இல்லை, அயனிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன, ‘மூலக்கூறு கட்டு’ என்று பெயர் வைத்துவிட்டு அதை உருண்டை ஒட்டிக் காட்டினால் பொய்யாகிவிடும். அந்த நேர்மை பாராட்டத் தக்கது. ஆனால் அதன் விலை, அடைப்புக்குறி மொத்தமாகக் காணாமல் போனது. நம் வகுப்பறைகளில் ‘சிஏ ஓஹெச் ஹோல் டுவைஸ்’, ‘ஏஎல் டூ எஸ்ஓ ஃபோர் ஹோல் த்ரைஸ்’ என்று ராகம் போட்டுச் சொல்வார்களே, அந்த ‘ஹோல்’ என்ன செய்கிறது என்று இந்தக் கருவி சொல்லித்தராது.

அதைப் பருப்பு சொல்லித்தரும். அலுமினியம் சல்பேட்டை எடுங்கள்: ஏஎல்₂(எஸ்ஓ₄)₃. அலுமினியத்துக்குக் கொண்டைக்கடலை 2, மேசைமேல் தனியாக வையுங்கள். கந்தகத்துக்கு மொச்சை, ஆக்சிஜனுக்குப் பச்சைப் பட்டாணி. ஒரு சின்னக் காகித உறையில் மொச்சை 1, பட்டாணி 4 போட்டு மூடுங்கள். உறைதான் அடைப்புக்குறி. வெளியே 3 என்று நிற்பதால் அதேமாதிரி உறை மூன்று. இப்போது எல்லா உறையையும் கிழித்துக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். கடலை 2, மொச்சை 3, பட்டாணி 12, மொத்தம் 17. உறைக்கு வெளியே இருந்த கடலையை அந்த 3 தொடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பத்து ரூபாய்க்குள் முடியும் செய்முறை.

இந்த ஒரு வாய்பாட்டையே சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இதில் தப்பு விடையைப் பார்த்தே தப்பு எங்கே என்று சொல்லிவிட முடியும். 7 என்று வந்தால், வெளியே உள்ள 3 கண்ணிலேயே படவில்லை. 9 வந்தால், 3-ஐக் கந்தகத்துக்கு மட்டும் கொடுத்து ஆக்சிஜனை நாலிலேயே விட்டிருக்கிறார்கள். 15 வந்தால் அதன் தலைகீழ்: 3 ஆக்சிஜனைப் பெருக்கியது, கந்தகம் ஒன்றாகவே நின்றது. அடைப்புக்குறியை ஒட்டி ஆக்சிஜன்தான் நிற்கிறது என்பதால் எண்ணும் அதற்கே என்று நினைக்கும் தப்பு இது. 10 வந்தால் நாலையும் மூன்றையும் பெருக்காமல் கூட்டி ஆக்சிஜன் 7 என்று போட்டிருப்பார்கள், கந்தகத்தையும் பெருக்கவில்லை. 32 வந்தால் விஷயம் வேறு: அலுமினியத்தின் வாலில் இருக்கும் 2-ஐ முன்னால் நிற்கும் எண்ணாக நினைத்து, பின்னால் உள்ள மூன்று கந்தகத்தையும் பன்னிரண்டு ஆக்சிஜனையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். 32 வந்த பிள்ளையை மட்டும் மறுபடி மல்டிபிள் திரைக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்குப் பருப்பு உறை போதும்.

தலைகீழ் வடிவமும் ஒன்று கொடுக்க வேண்டும், அடைப்புக்குறி முன்னால் வருவது. அம்மோனியம் சல்பேட், (என்ஹெச்₄)₂எஸ்ஓ₄. வயலில் போடும் உரம். நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4, மொத்தம் 15. இங்கே 2 தனக்கு முன்னால் மூடிய உறையைத்தான் பெருக்கும், பின்னால் வரும் சல்பேட்டைத் தொடாது. யூரியா இன்னொரு நல்ல உதாரணம்: சிஓ(என்ஹெச்₂)₂. ஹைட்ரஜனுக்கு உள்ளே ஒரு 2, வெளியே ஒரு 2, ஆகவே 4, நைட்ரஜன் 2, மொத்தம் 8.

அதே தனிமம் இரண்டு இடத்தில் வந்தால் என்ன செய்வது என்பதில் தடுமாற்றம் கொஞ்சம் குறைவு, ஆனாலும் உண்டு. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் சிஹெச்₃சிஓஓஹெச் என்று எழுதப்படும். எழுத்து ஆறு, தனிமம் மூன்றே. கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. ‘தனிமம் ஆறு’ என்று வரும் விடைக்கு மருந்து, நோட்டில் வாய்பாட்டுக்குக் கீழே தனிமத்துக்கு ஒரு கட்டம் போட்டு, குறியீடு மறுபடி வந்தால் புதுக் கட்டம் திறக்காமல் பழைய கட்டத்திலேயே கூட்டுவது.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. குறியீட்டில் அந்தப் பேதம்தான் எல்லாம். சி பெரியது, ஓவும் பெரியது என்றால் கார்பன் மோனாக்சைடு, இரண்டு தனிமம். சி பெரியது, ஓ சிறியது என்றால் கோபால்ட், ஒரே தனிமம். வாயால் படித்தால் இரண்டும் ‘சிஓ’தான், இந்தக் கட்டுரையிலும் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது, அதுவே பிரச்சினையின் அளவைக் காட்டுகிறது. சாப்பாட்டு உப்பின் வாய்பாட்டில் நாலு எழுத்தைப் பார்த்து நாலு தனிமம் என்று சொல்வதும் இதனால்தான். இந்த இடத்தில் ஃபெட் கொஞ்சம் கைகொடுக்கிறது: குளோரின் இரண்டெழுத்துக் குறியீடாக இருந்தாலும் வாளியில் ஒரே உருண்டையாகத்தான் வருகிறது. மற்றபடி, பெரிய எழுத்து வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் முன்னால் ஒரு கோடு கிழித்துப் பிரித்துவிட்டு எண்ணும் பழக்கமே நம்பகமானது. எத்தனை பெரிய எழுத்து, அத்தனை துண்டு.

கீழே எண் எழுதுவதும் வானத்திலிருந்து விழுந்த வழக்கமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துக் குறியீடுகளைக் கொண்டுவந்த ஸ்வீடனின் பெர்சீலியஸ் எண்ணை மேலே, கணிதத்தில் அடுக்கு எழுதுவதுபோல எழுதினார். 1834-இல் ஜெர்மனியின் லீபிக் அதைக் கீழே இறக்கினார். அடுக்கு என்று குழம்பி இரண்டையும் பெருக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் சார்பில் அவருக்கு ஒரு நன்றி.

ஃபெட்டிலேயே ‘பேலன்சிங் கெமிக்கல் ஈக்குவேஷன்ஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. அடுத்த படிக்கு அதுதான். அம்மோனியா செய்வது, தண்ணீரைப் பிரிப்பது, மீத்தேனை எரிப்பது என்று மூன்று வினைகள். முன்னால் நிற்கும் எண்ணை மட்டுமே மாற்ற முடியும், கீழே உள்ளதைத் தொட வழியே இல்லை. அந்தத் தடையே பாதிப் பாடம். ஒவ்வொரு தனிமத்துக்கும் தராசாகவோ பட்டை வரைபடமாகவோ எண்ணிக்கையைக் காட்டும். தராசை வைத்துக்கொள்ளுங்கள், எங்கே சாய்கிறது என்பது கடைசி பெஞ்சு வரை தெரியும்.

இரண்டு கருவியுமே கண்டுகொள்ளாத ஒரு சங்கதி படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே சேர்ந்து நிற்கும் தண்ணீர். நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதுவார்களே, அது. மயில்துத்தம்: சியூஎஸ்ஓ₄·5ஹெச்₂ஓ. புள்ளியைப் பெருக்கல் குறி என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் நாசம். அது ‘கூடவே’ என்று மட்டும் சொல்கிறது. தாமிரம் 1, கந்தகம் 1, ஆக்சிஜன் 4, கூடவே ஐந்து தண்ணீர், அதாவது ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் இன்னொரு 5. ஆக்சிஜன் மொத்தம் 9, அணு மொத்தம் 21. 5 என்பது புள்ளிக்குப் பின்னால் உள்ள தண்ணீர் முழுவதையும் பெருக்கும், புள்ளிக்கு முன்னால் இருப்பதை ஒன்றும் செய்யாது. சலவைச் சோடாவில் பத்துத் தண்ணீர், மொத்தம் 36 அணு. பாரிஸ் சாந்து என்றால் அரைத் தண்ணீர் வரும். அரை அணு என்று ஒன்று கிடையாது என்பதால் முழுவதையும் இரட்டிப்பாக்கி, இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு தண்ணீர் என்று எழுதிக்கொண்டு எண்ணினால் 15.

எல்லாம் சேர்ந்த ஒன்று வேண்டுமென்றால் படிகாரம். அடைப்புக்குறி, புள்ளி, இரண்டு இடத்தில் ஆக்சிஜன், எல்லாம் ஒரே வாய்பாட்டில்: கேஏஎல்(எஸ்ஓ₄)₂·12ஹெச்₂ஓ. பொட்டாசியம் 1, அலுமினியம் 1, கந்தகம் 2, ஆக்சிஜன் 8-உம் 12-உம் சேர்ந்து 20, ஹைட்ரஜன் 24, மொத்தம் 48. இதையே கே₂எஸ்ஓ₄·ஏஎல்₂(எஸ்ஓ₄)₃·24ஹெச்₂ஓ என்றும் எழுதுவதுண்டு. அதை எண்ணினால் 96. இரண்டும் ஒரே பொருள்தான், பின்னது முன்னதின் இரட்டிப்பு. இரண்டையும் தனித்தனிப் பிள்ளைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒருவர் விடை மற்றவர் விடையின் சரிபாதியாக இல்லையென்றால் யாரோ ஒருவர் தண்ணீரின் ஆக்சிஜனை விட்டிருப்பார்: 48-க்குப் பதில் 36, அல்லது 96-க்குப் பதில் 72.